முல்ஹக்கின் ஜன்னல்

வேலைக்கு ஆள் எடுக்கிற இடங்களில் என்னிடம் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. வீடியோ கேம்களில் உனக்கு மிகவும் பிடித்த லெவல் எது, ஏன்? சென்னையில் செல்போன் விளையாட்டுகளுக்கு லெவல் கட்டிக் கொடுக்கிறவள் நான். கதவு எங்கே வரவேண்டும், படி எங்கே வரவேண்டும், ஆடுகிறவர் திரும்பியதும் கண்ணில் எது படவேண்டும் என்று தீர்மானிப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே கேள்வி நியாயமானது. நானும் நியாயமான பதிலாகவே சொல்லிவைப்பேன். கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கும் ஒரு ஊரைச் சொல்வேன். அங்கே கூரை வழியாக நீந்தி வீட்டுக்குள் போகலாம். பனி கொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு ரயில் நிலையத்தைச் சொல்வேன். அங்கே சுடுவதற்கு ஒரு ஆள்கூட இருக்க மாட்டான். எதிரே இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். நான் நினைத்துக்கொண்டிருக்கும் லெவல் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதை உலகத்தில் ஆடியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், இன்னொருத்திக்கு மவுஸைச் சரியாகப் பிடிக்கவே தெரியாது.

அதைக் கட்டியவன் என் காக்கா. காயல்பட்டினத்தில் காக்கா என்றால் அண்ணன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில், எங்க காக்கா கம்ப்யூட்டருக்குள்ளே வீடு கட்டுவான் என்று பெருமையாகச் சொல்லப்போய், வகுப்பு முழுக்கச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கம்ப்யூட்டர் வாப்பா சபரிலிருந்து கொண்டுவந்தது. எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பிழைப்புக்குச் சபர் என்று பேர். ஊரில் பாதி ஆண்கள் சபரில் இருப்பார்கள், மீதிப் பேர் போய்த் திரும்பியிருப்பார்கள், அல்லது கிளம்பிக்கொண்டிருப்பார்கள். ஒரு லீவில் வாப்பா அதைக் கம்பளிப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துத் திருவனந்தபுரத்திலிருந்து காரில் கொண்டுவந்து இறக்கினார். காக்காவின் படிப்புக்காக என்று சொல்லிக்கொண்டார்கள். காக்கா அப்போது கல்லூரியில் இருந்தான், நான் சின்னப் பிள்ளை. படிப்பைவிட அவனுக்கு அதில் கிடைத்த ஒரு சுட்டுத் தள்ளும் விளையாட்டில்தான் உயிர். ஆனால் அவன் ஆடும் விதம் வேறு மாதிரி இருக்கும். மளமளவென்று எல்லாரையும் சுட்டு முடித்துவிட்டு, ஆளில்லாத அந்த இடத்தில் சாவகாசமாக நடக்க ஆரம்பிப்பான். கொன்று முடித்த பிறகுதான் அவனுக்கு ஆட்டமே தொடங்கும்.

பக்கத்தில் ஸ்டூல் போட்டு என்னை உட்காரவைத்துக்கொள்வான். இந்த விளக்கை ஏன் இங்கே வைத்திருக்கிறான் பார், விளக்கு இருக்கிற பக்கம்தான் நீ நடப்பாய், உனக்கே தெரியாமல் உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறான் என்பான். குறுகலான நடையில் நெருக்கி நெருக்கிக் கூட்டிக்கொண்டுபோய்ச் சட்டென்று ஒரு பெரிய கூடத்தில் விட்டால்தான் கூடம் பெரிதாகத் தெரியும் என்பான். திறக்காத கதவை வைக்கவே கூடாது, அது ஆடுகிறவனை ஏமாற்றுவது என்று அதில் மட்டும் மிகக் கண்டிப்பாக இருப்பான். இதையெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் ஊரைப் பார்த்தே கற்றுக்கொண்டேன் என்பான். காயலில் வீடுகளுக்கு இடையில் பெண்கள் போய்வருவதற்கென்றே முடுக்குகள் உண்டு. தெருவில் கால் வைக்காமல், ஆண்கள் கண்ணில் படாமல், முடுக்கு வழியாகவே ஒருத்தி பாதி ஊரைச் சுற்றி வந்துவிடலாம். இப்படி ஒரு லெவலை எந்தக் கம்பெனிக்காரனும் கட்டவில்லை என்பது காக்காவின் கட்சி. பெரிய பையனாகிவிட்டபடியால் அவன் முடுக்கில் நடக்க முடியாது. அந்த வருத்தமும் அவன் பேச்சில் இருந்தது.

அந்த விளையாட்டோடு, நாமே லெவல் கட்டிக்கொள்ளும் எடிட்டர் ஒன்றும் வந்திருந்தது. காக்கா அதில் சின்னச் சின்னதாக ஏதாவது கட்டுவான், நான் ஓட்டிப் பார்ப்பேன். ஒரு தடவை சுவர் சரியாக ஒட்டாத மூலை ஒன்றில் நுழைந்து வெளியே விழுந்துவிட்டேன். தரை இல்லை, வானம் இல்லை, வெறும் சாம்பல் நிறம். விழுந்துகொண்டே இருந்தேன். பயந்துபோய், இது எந்த இடம் காக்கா என்று கேட்டேன்.

"இடமே இல்லளா. நான் கட்டுனதுக்கு அங்கிட்டு ஒண்ணும் கெடையாது" என்று சொல்லிவிட்டு, அந்த மூலையை அடைத்தான்.

பெங்களூரில் இதைப் படிப்பாகவே சொல்லித்தருகிறார்கள் என்று அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. வாப்பாவிடம் போனில் தயங்கித் தயங்கிக் கேட்டான். வாப்பாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் நீ படி, நான் இருக்கேன் என்று சொல்லிவிட்டார்.

வாப்பா சபரில் என்ன செய்தார் என்று எங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தோம். ஒரு பெரிய அரபியிடம் டிரான்ஸ்போர்ட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று உம்மா கேட்டதற்கு, முல்ஹக்கில் என்றார். அந்தச் சொல் எங்கள் வீட்டில் ஒரு பட்டம் மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் அரபு எழுத்தைத் தினமும் ஓதுகிறவர்கள். ஓதத் தெரியும், பேசத் தெரியாது. ஹக் என்றால் சத்தியம் என்பதும், அது இறைவனின் திருநாமங்களில் ஒன்று என்பதும் உம்மாவுக்குத் தெரியும். முல்க் என்றால் ஆட்சி என்பதும், தூங்குமுன் ஓதுகிற குர்ஆன் சூராவுக்கு அந்தப் பேர் என்பதும் தெரியும். இரண்டும் சேர்ந்த மாதிரி ஒரு பெயருள்ள இடம் எப்படி இருக்கும் என்று அவளே கற்பனை செய்துகொண்டாள். சாதாரண ஆள் இருக்கிற இடத்துக்கு இப்படிப் பேர் வைப்பார்களா? அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், அவஹ முல்ஹக்குல இருக்காஹ என்று சற்றுக் குரலைத் தாழ்த்திச் சொல்வாள். கேட்கிறவர்களும் மாஷா அல்லாஹ் என்பார்கள். ஊரில் அத்தனை பேர் சபரில் இருந்தும், அந்தப் பெண்களுக்கும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்திருக்கவில்லை. அவர்கள் வீட்டு ஆண்கள் என்ன சொல்லிவைத்திருந்தார்களோ!

வாப்பா அனுப்பிய போட்டோ ஒன்று அலமாரிக் கண்ணாடியில் செருகியிருந்தது. பெரிய கூடம், சரவிளக்கு, தங்கநிறக் கை வைத்த சோபா. வாப்பா சோபாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். எந்தப் போட்டோவிலும் அவர் உட்கார்ந்திருக்க மாட்டார். அடக்கமான மனுஷர் என்று பேசிக்கொள்வோம்.

ஒரு நாள் முற்பகலில் மாமாவுக்கு, அதாவது உம்மாவின் தம்பிக்கு, போன் வந்தது. வாப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே முடிந்துவிட்டது என்றார்கள். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். மாமா வந்து சொன்னபோது வாப்பா ஏற்கெனவே மண்ணுக்குள் இருந்தார். எங்கள் வீட்டில் மையித்து என்று சொல்ல ஒரு உடலும் இல்லை, அதைத் தூக்கிப்போகிற சந்தூக்கும் இல்லை. ஆட்கள் வந்து யாசீன் ஓதிவிட்டுப் போனார்கள். ஒரு மனிதர் லீவு முடிந்து கிளம்பியபோது வீடு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அழுவதற்குக்கூடக் கண்ணெதிரே ஒன்றும் இல்லை. அந்தக் கொடுமையை என்னால் இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

உம்மா இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதத்துக்கும் சற்றுக் கூடுதலாக வீட்டைவிட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண் முகம் பார்க்காமல் இருக்கவேண்டும். கதவையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒரு நாள் காக்காவிடம் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் மவனே. அவஹ இருந்த எடத்த ஒரே ஒரு தடவ பாக்கணும்."

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். கல்யாணமானதும் ஆண்தான் பெண்டாட்டி வீட்டுக்கு வந்து சேருவான். வாப்பா அப்படி வந்தவர்தான். வருடக் கணக்கில் வெளியே இருந்துவிட்டு, விருந்தாளி மாதிரி வந்து உம்மாவின் வீட்டில் தங்கிப் போனவர். அவஹளுக்குன்னு ஒரு ரூமு அங்கனயாவது இருந்துச்சே, நல்லா இருந்தாஹளே என்பதுதான் அந்த நாட்களில் உம்மா பிடித்துக்கொண்டிருந்த ஒரே கிளை. அந்த ரூமைப் பார்த்துவிட்டால் மனசு ஆறிவிடும் என்று அவள் நம்பினாள். காக்கா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, நான் கட்டித் தாரேன் உம்மா என்றான்.

அப்படித்தான் முல்ஹக் எங்கள் வீட்டுக் கூடத்தில் எழும்பியது. வாப்பா போனில் எப்போதோ சொன்னதையெல்லாம் ஆளுக்குக் கொஞ்சமாக ஞாபகப்படுத்திச் சேர்த்தோம். வாசலில் இரும்புக் கேட், கேட்டுக்கு உள்ளே வரிசையாகக் கார்கள், இரண்டு பக்கமும் பேரீச்சை மரங்கள். சலவைக்கல் படிகள். சரவிளக்கும் சோபாவும் போட்டோவிலிருந்து வந்தன. என் பங்கு ஜன்னல். காலையில் எழுந்ததும் உங்களுக்கு என்ன வாப்பா தெரியும் என்று நான் ஒரு தடவை கேட்டிருந்தேன். கடல் என்று சொல்லியிருந்தார். எனவே மாடியில் வாப்பாவின் ரூமில் காக்கா பெரிய ஜன்னல் வைத்தான். அந்த நாட்டுக் கடலை அவன் பார்த்ததில்லை. எங்கள் கடற்கரையில் நின்றால் தெரிகிற கடலையே அங்கே விரித்தான். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற கப்பல் ஒன்றைக்கூடத் தொலைவில் புள்ளியாக வைத்தான். கேட்டிலிருந்து அந்த ஜன்னல்வரை உம்மா வழி தவறாமல் போய்ச்சேர வேண்டும் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் விளக்கு வைத்தான்.

ஒரே ஒரு சங்கடம். அது சுடுகிற விளையாட்டு. எதிரிகளை எடுத்துவிட முடிந்தது, திரையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் துப்பாக்கியை எடுக்க முடியவில்லை. காக்கா எவ்வளவோ முயன்றான். கடைசியில் உம்மா கையில் துப்பாக்கியோடுதான் வாப்பாவின் வீட்டுக்குள் போனாள். உட்காருமுன் செருப்பைக் கழற்றி வைத்தாள், பிஸ்மி சொல்லிக் கீபோர்டில் பட்டனை அழுத்தினாள், கேட்டைத் தாண்டும்போது வாய்க்குள் ஸலாம் சொன்னாள்.

"இத எங்கனயாவது வச்சிட்டு உள்ள போவக் கூடாதா?" என்று துப்பாக்கியைக் காட்டிக் கேட்டாள். வாப்பா போன பிறகு காக்காவும் நானும் முதல்முறையாக அன்றுதான் சிரித்தோம்.

அத்தனை விளக்கு வைத்தும் உம்மா அந்த வீட்டில் வழி தவறிக்கொண்டே இருந்தாள். படியை விட்டுவிட்டுச் சோபாவில் போய் முட்டுவாள், தூணைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான்தான் கையைப் பிடித்து ஓட்டி மாடிக்குக் கூட்டிப்போவேன். ஜன்னலுக்கு வந்ததும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அல்ஹம்து லில்லாஹ் என்பாள். தினமும் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு போய்வருவது வழக்கமாகிவிட்டது. முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்திருப்பதாகப் பக்கத்து வீட்டு மாமி சொன்னாள்.

இத்தா முடிய இன்னும் நாள் இருந்தபோது, வாப்பாவின் பெட்டியை எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். ஆறுமுகநேரிக்காரர், வாப்பாவோடு ஒன்றாக இருந்தவர், லீவில் வந்திருந்தார். உம்மா உள்ளறைக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். காக்கா அவரைக் கூடத்தில் உட்காரவைத்து அண்ணாச்சி என்று மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தான். அவர் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாரே தவிர அதிகம் பேசவில்லை. பாய் மாதிரி ஒரு மனுசனப் பாக்க முடியாது என்பதையே திரும்பச் சொன்னார். உள்ளேயிருந்து தஸ்பீஹ் மணி உருளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அந்த மௌனம் சலிப்பாக இருந்தது. முல்ஹக்கைப் பார்க்கிறீர்களா என்று கேட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

கேட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அச்சு அசலாக முதலாளி வீடு மாதிரியே இருக்கிறதே, யார் செய்தது, தம்பியா என்று காக்காவின் முதுகில் தட்டினார். கூடத்தில் அந்தப் பக்கம் இன்னும் இரண்டு சோபா உண்டு என்று திருத்தம்கூடச் சொன்னார். பெருநாளன்றைக்கு மட்டும் எங்களை உள்ளே கூப்பிட்டுக் கை கொடுப்பார்கள், அப்போது ஒரு ஓரமாக நின்று போட்டோ எடுத்துக்கொள்வோம் என்றார். காக்கா என்னைப் பார்த்துப் போதும் என்கிற மாதிரி ஏதோ சைகை செய்தான். நான் கவனிக்காமல் படியேறிக்கொண்டிருந்தேன். ரூமுக்குப் போய், ஜன்னலைக் காட்டி, இதுதான் வாப்பாவோட ரூமு என்றேன்.

அவர் சிரித்தார். "இது மொதலாளி மவன் ரூமுல்லா பாப்பா. பாய் இங்கல்லாம் ஏற மாட்டாவ. நாங்க முல்ஹக்குலலா கெடந்தோம்."

இதுதான் முல்ஹக் என்றேன். இல்லை பாப்பா என்று அவர் பொறுமையாக விளக்கினார். முல்ஹக் என்றால் ஒட்டு ரூம், பெரிய வீட்டுக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் போட்டிருப்பார்கள், டிரைவரும் சமையல்காரரும் படுக்கிற இடம் என்றார். எங்கே என்று நான் விடாமல் கேட்டேன். அவர் திரையில் வீட்டின் பின்சுவரைத் தேடிப் பிடித்து, அதற்கும் வெளியே, காக்கா எதுவுமே கட்டாமல் விட்டிருந்த சாம்பல் நிறத்தில் விரலை வைத்தார்.

"இங்கன" என்றார்.

அங்கே இடமே இல்லையே என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் தஸ்பீஹ் சத்தம் நின்றுபோயிருந்ததை அவரும் கவனித்திருக்க வேண்டும். விரலை எடுத்துவிட்டுத் திரைச்சீலைப் பக்கம் பார்த்தார். முகம் செத்துப்போய்விட்டது. எழுந்திருக்கப் போனவரைத் திரைக்குப் பின்னாலிருந்து வந்த உம்மாவின் குரல் நிறுத்தியது. அந்நிய ஆணோடு உம்மா பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"அதுல ஜன்னல் இருந்துச்சா?"

அவர் காக்காவைப் பார்த்தார். காக்கா தரையைப் பார்த்தான். "ஜன்னல் இருந்த எடத்துலதான்மா ஏசி வச்சிருந்துச்சு" என்று மெல்லச் சொன்னார். இருந்துச்சு என்றும் இல்லை என்றும் சொல்லாமல் சொன்ன பதில் அது.

உம்மா விடவில்லை. எவ்வளவு பெரிசு, எத்தனை கட்டில், எங்கே சமைப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவரும் தப்பிக்க வழியில்லாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்கள் சாமான் அறையை எட்டிப் பார்த்து, இதைவிடக் கொஞ்சம் சின்னது என்றார். உப்பளத்தில் சாக்குப் போட்டுவைக்கிற ஷெட்டு மாதிரி என்றார். இரண்டு கட்டில், நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடைவெளி, சட்டை தொங்குகிற கயிறு. வாப்பா கீழே விழுந்தது அந்த இடைவெளியில்தானாம். கிளம்பும்போது, கப்பல் மாதிரி கார் ஓட்டுவாவ எங்க பாயி என்று சொல்லி அழுதார். ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார் போலிருக்கிறது.

வாப்பா ஒரு பொய்கூடச் சொல்லியிருக்கவில்லை. டிரான்ஸ்போர்ட்டைத்தான் பார்த்துக்கொண்டார், முல்ஹக்கில்தான் இருந்தார். உண்மையை அரபியில் சொன்னார், அவ்வளவுதான். என்னிடம் மட்டும்தான், நான் கேட்டுவிட்டதற்காக, கடல் என்று சொல்லவேண்டி வந்துவிட்டது.

மறுநாள் உம்மா காக்காவைக் கூப்பிட்டு, அவஹ இருந்த எடத்தக் கட்டு என்றாள். அவன் மாட்டேன் என்றான். இது லெவலே இல்ல உம்மா, பொட்டி என்றான். உள்ளே போனால் திரும்பி வருவதைத் தவிர ஒன்றும் செய்வதற்கில்லை, யாரும் அதற்குள் நிற்க மாட்டார்கள் என்றான். உம்மா அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் கட்டினான். பின்சுவரை உடைத்து, ஒன்றுமில்லாத இடத்தில் தரை போட்டு, வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் ஒரு சந்து விட்டு, அதன் கடைசியில் அந்த ரூமைச் செய்தான். ஒரு குழல்விளக்கு, இரண்டு கட்டில், ஒரு கயிறு. எடிட்டரில் சட்டை கிடையாது. அதற்குப் பதிலாக, கம்பத்தில் பறக்கிற கொடி ஒன்றைச் சுருக்கித் தொங்கவிட்டான்.

எனக்கு அழுகையாக வந்தது, கோபத்தில். இருந்த லெவல்களிலேயே மட்டமான லெவல் அதுதான். கடல் இல்லை, படி இல்லை, ஒன்றுமில்லை. எங்கள் அழகான முல்ஹக்கை எதற்காக இப்படிக் கெடுக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பெரிய வீடு முன்னால் அப்படியேதான் இருந்தது, ஆனால் உம்மா அதற்குள் பிறகு ஒரு தடவைகூடப் போகவில்லை. கேட்டைத் தாண்டியதும் இடது பக்கம் ஒதுங்கி, சுவரோரமாகச் சந்துக்குள் திரும்பிவிடுவாள். அங்கே காக்கா ஒரு விளக்குகூட வைத்திருக்கவில்லை. சலவைக்கல் கூடத்தில் தூணுக்குத் தூண் முட்டிக்கொண்டிருந்தவள் அந்தச் சந்தில் ஒரு நாளும் வழி தவறவில்லை. முடுக்கிலேயே நடந்து பழகியவள். உள்ளே போய், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில், துப்பாக்கியை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பாள். சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்வரை அங்கேயே நிற்பாள். ஆடாமல் நின்றால் திரை கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். பட்டனைத் தட்டி மறுபடியும் வெளிச்சமாக்கிக்கொண்டு நிற்பாள். உம்மா, நகருங்க, ஏதாவது செய்யுங்க என்று நான் தோளைப் பிடித்து உலுக்குவேன். கொஞ்சம் இரு புள்ள என்பாள்.

இத்தா முடிந்த கையோடு மாமா ஒரு நல்ல சேதி கொண்டுவந்தார். முதலாளி இரக்கமுள்ளவர், வாப்பாவின் இடத்துக்கு மகனையே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி விசா அனுப்புகிறார் என்றார். ஊரே துஆ செய்தது. இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்வார்கள் என்றார்கள். காக்கா காயல் தெருக்களில் கார் ஓட்டிப் பழகினான். பெங்களூர்ப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, வேறு யாரும் எடுக்கவில்லை. மாமாவின் சேதியைக் கேட்டபோது உம்மா அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்று காக்கா எதிர்பார்த்தானா என்று எனக்குத் தெரியாது. அவன் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். உம்மா என்னைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள். பிறகு சரி என்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். கிளம்புகிற அன்றைக்குக் காக்கா கம்ப்யூட்டரைத் துடைத்து, துணி போட்டு மூடிவிட்டு, எடிட்டரை எப்படித் திறப்பது என்று எனக்குச் சொல்லித்தந்தான். நீ நல்லதாக் கட்டு என்றான்.

அவன் போய்ச் சேர்ந்தபின் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு போன் செய்தான். மாமா பேசினார், பிறகு உம்மா பேசினாள். சாப்பிட்டாயா, தொழுதாயா, குளிக்கத் தண்ணீர் வருகிறதா என்றெல்லாம் கேட்டாள். தங்குகிற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவ்வளவு பேசியவள் முக்கியமானதை விட்டுவிட்டாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை. போனை வாங்கி, முல்ஹக் எப்படி இருக்கு காக்கா, ஜன்னல் இருக்கா என்று கேட்டேன்.

அவன் குரலுக்குப் பின்னால் ஏசி இரைகிற சத்தம் கேட்டது. இருக்குளா என்றான். அதுல என்ன தெரியுது என்றேன்.

"கடல்" என்றான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உம்மா அதற்குள் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். திரையில் வழக்கம்போல அந்த மட்டமான ரூம். கயிற்றில் அந்தக் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். ஆறுமுகநேரி அண்ணாச்சி தப்பாகச் சொல்லிவிட்டார், அல்லது இப்போது ரூமை மாற்றிவிட்டார்கள், இனிமேல் பழைய ஜன்னலை நானே வைத்துத் தருகிறேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"உம்மா, காக்காவுக்கும் கடல் தெரியுதாம்."

உம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள்.

கடல் தெரியும் என்று ஒப்புக்கொள்கிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். கையை உருவிக்கொண்டு, முடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டு மாமியிடம் ஓடினேன், அவளிடமும் சொல்வதற்காக.